கெம்பன் குடித்த தண்ணீர்

வளைகாப்புக்கு அலங்காரம் கேட்டு ஃபோன் செய்கிறவர்கள் என்ன நிறத்தில் செய்வீர்கள், எத்தனை மணிக்குள் முடிப்பீர்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். விஜயநகர் ஸ்வாதி அப்படி ஆரம்பிக்கவில்லை.

"எங்க வீட்ல பூனை இருக்கு தாரணிக்கா. அது வாய் வெச்சாக்கூட ஒண்ணும் ஆகாத பூவா மட்டும் வேணும். ஆகுமா?"

ஆகும் என்று தாரணி சொல்லிவிட்டாள். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஃபோனை வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது. இத்தனை வருஷம் பூவோடு புரண்டிருக்கிறாள். எது வாடாமல் நிற்கும், எது வெயில் பட்டால் கறுக்கும், எது பட்டுப் புடவையில் கறை பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எதைத் தின்றால் என்ன ஆகும் என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவளும் அவள் கணவன் சந்துருவும் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான கையோடு மைசூருக்கு வந்து, மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள், கீழே ஷட்டர் போட்ட அறையும் மேலே வீடுமாக இருந்துகொண்டு அலங்கார வேலை எடுத்துச் செய்கிறார்கள். இரும்புச் சட்டம், துணி, விளக்கு எல்லாம் சந்துருவின் பொறுப்பு. பூ முழுக்க தாரணியின் பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை.

பூனை விஷயத்தைக் கேட்டதும் சந்துரு, "வளகாப்பு அந்தப் புள்ளைக்கா, பூனைக்கா? நல்லாக் கேட்டுக்க. பூனைக்குன்னா சின்ன நாற்காலியா எடுத்து வெக்கோணும்," என்றான்.

ஸ்வாதி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கிறவள். பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கூடவே பூனையும் வந்திருந்தது. வாட்ஸாப்பில் நிதானமாகப் பேசி அனுப்பினாள். லில்லி வேண்டவே வேண்டாம், நாய்க்குக்கூட அவ்வளவு இல்லை, பூனைக்கு அது எமன், சிறுநீரகமே போய்விடும். இதழ் என்றில்லை, இலை, நடுவில் இருக்கும் தூள், அது நின்ற தண்ணீர்கூட ஆகாது. செவ்வந்தி தின்றால் வாந்தி எடுக்கும். அரளி மாலை வாசலிலும் கூடாது.

தாரணி அதை இரண்டு முறை போட்டுக் கேட்டாள். லில்லி எப்படியும் இந்த வேலைக்கு வாங்கப் போவதில்லை. அந்தக் கவலை விட்டது. செவ்வந்திதான் இடித்தது. மைசூரில் எந்த மேடையானாலும் மஞ்சளும் வெள்ளையுமாக இடத்தை நிரப்புவது செவ்வந்திதான். அது இல்லாமல் ஒரு வளைகாப்பு மேடையை அவள் கட்டியதேயில்லை.

மார்க்கெட்டுக்குப் போய் ஒவ்வொரு பூவாகப் படம் பிடித்து அனுப்பினாள். ஸ்வாதி பதில் போடப் போட வாங்கினாள். ரோஜா ஆகும். செண்டுமல்லி ஆகும். சம்பங்கி ஆகும். ஆஸ்டரும் ஜெர்பராவும் ஆகும். மல்லிகையைக் கேட்கவே வேண்டாம். நுரை மாதிரி இடையில் செருகும் ஜிப்சி வேண்டாம். பின்னால் விசிறி போல விரித்து வைக்கும் சைகஸ் இலையைக் காட்டியதும், பேசி அனுப்பக்கூடப் பொறுக்காமல் ஸ்வாதி ஃபோனே செய்துவிட்டாள். அது பூவைவிட மோசமாம். வீட்டு வாசலுக்கே கொண்டுவரக் கூடாதாம். அதற்குப் பதில் தென்னங்குருத்தைப் பின்னி வைக்கலாம் என்று முடிவாயிற்று.

மல்லிகையை இரண்டு கையும் விரித்த நீளமான மாரு கணக்கில் அளந்து கொடுக்கும் லிங்கம்மா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு, பூனையையே அழைத்து வந்துவிடு, நேரில் பேரம் பேசிக்கொள்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள். ஆனாலும் ஒரு பூவைக்கூட ஸ்வாதியைக் கேட்காமல் கூடையில் போடவில்லை. இலைக்கு இத்தனை பயம் என்றால், தான் கேட்க மறந்தது எதுவாக இருக்குமோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை. அதே நாள் காலையில் ஹுன்சூர் ரோட்டில் ஒரு வண்டி ஷோரூம் திறப்பு விழா. அது முன்னமே ஒப்புக்கொண்ட வேலை. அதற்குப் பெங்களூரிலிருந்து பெட்டியில் வந்த பூ அத்தனையும் லில்லி.

பெரிய வெள்ளை லில்லிகள். மொட்டு விரிய வேண்டுமானால் தண்ணீரில் நிற்க வேண்டும். விரிந்ததும் நடுவிலிருக்கும் ஆரஞ்சுத் தூள் முளைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வருகிறவர்கள் சட்டையெல்லாம் கறையாகும். சனிக்கிழமை முழுவதும் தாரணி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் குங்குமப்பூ நிறம். ஞாயிறு விடிகாலையில் லில்லிகளை வண்டியில் ஏற்றிய கையோடு சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கட்டியிருந்த சேலையை மாற்றினாள். கத்தரிக்கோலைத் துடைத்தாள். விஜயநகர் பூவை லில்லிப் பெட்டிகளோடு உரசாமல் தனியாக வைக்கச் சொன்னாள்.

இத்தனையும் செய்தவள் இன்னொன்றும் செய்தாள். விஜயநகருக்கு வாங்கிய ரோஜாக்கள் தலை சாய ஆரம்பித்திருந்தன. சந்தில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். முந்தின நாள் வர வேண்டியது வரவில்லை. மிச்சமிருந்த குடத்துத் தண்ணீர் சமையலுக்கு. லில்லி நின்ற பக்கெட்டில் முக்கால் அளவு தண்ணீர் தெளிவாகத்தான் நின்றது. அவள் ரோஜாக் கட்டை அதில் இறக்கி வைத்தாள். பூக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் செய்வார்கள். ஒரு பூ நின்ற தண்ணீரில் அடுத்த பூ நிற்கும். கை செய்தது. தலை அதில் இல்லை.

*

ஷோரூம் வேலையை முடித்த கையோடு நேராக விஜயநகர் வந்தார்கள். மாடி வீடு. ஸ்வாதியின் அம்மா உமாதேவி பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே நின்று ஒவ்வொரு கூடையாகப் பார்த்தார். செவ்வந்தி இல்லை, அரளி இல்லை என்று தன் கண்ணால் கண்டபின்தான் உள்ளே விட்டார். பூனையை மாடி அறையில் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். கெம்பன் என்று பெயர். செம்பட்டை நிறம், கழுத்தும் மோவாயும் மட்டும் வெள்ளை.

மேடை அழகாகவே வந்தது. தென்னங்குருத்து பின்னலுக்கு மேல் செண்டுமல்லிச் சரம், நடுவில் ரோஜா வளையம். செவ்வந்தி இல்லாத குறை தெரியவில்லை. ஸ்வாதியின் மாமியார் பழனாத்தாள் கொள்ளேகாலிலிருந்து உறவுக்காரர்களோடு வந்து இறங்கியதும் மேடையைத் தொட்டுப் பார்த்து, "கையி சுத்தமா இருக்குது அம்முணி," என்று சொன்னார். தாரணிக்கு அன்று முதல் முறையாக மூச்சு சீராக வந்தது.

மிச்ச ரோஜாவை எடுத்து வரப் பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பக்கெட்டை வைத்திருந்தாள். அங்கே கெம்பன், பக்கெட் விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, ரோஜாக் காம்புகளுக்கு நடுவே தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சளப் சளப் என்று, நல்ல தாகத்தோடு. யாரோ உறவுக்காரர் குளியலறை தேடி மாடிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

குடித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் நின்றாள். பிறகு பக்கெட்டின் உள்பக்கம் கண்ணில் பட்டது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, பிளாஸ்டிக்கைச் சுற்றி, மெல்லிய ஆரஞ்சுக் கோடு ஒட்டியிருந்தது.

காலையில் லில்லி நின்ற பக்கெட். அது நின்ற தண்ணீர்கூட ஆகாது என்று ஸ்வாதி பேசி அனுப்பியதை வீட்டில் ஜாடி வைக்கிறவர்களுக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜாடியே வைக்கப் போவதில்லை, பிறகென்ன என்று இருந்துவிட்டாள். அவள் கையைத் தட்டியதும் பூனை ஒரு தாவில் படியேறி மறைந்தது. பக்கெட்டைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கவிழ்த்தபின், கவிழ்த்ததால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று உறைத்தது.

சந்துரு ஏணி மேல் நின்று விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தான். கீழே இறக்கி ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னாள். அவன் பின்கட்டுப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தான். பிறகு, தண்ணீர்தானே, பூனை இரண்டு நக்கு நக்கியிருக்கும், யாரும் பார்க்கவில்லை, ஏணியை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவோம் என்று சொன்னான்.

"ரெண்டு நக்கில்லைங். ரொம்ப நேரம் குடிச்சுது."

"இருக்கட்டும். வளகாப்பு வீட்டுல நின்னுட்டு வெசம்னு வாயத் தொறப்பியா நீ? அந்தப் புள்ள வயித்துல கொழந்தைய வெச்சிருக்குது. அதுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

அவன் சொன்னது வீம்புக்கு இல்லை. அவளுக்கும் அந்தப் பயம்தான். நிறைமாதத்துக்காரி காதில் அன்றைக்கு ஒரு அமங்கல வார்த்தை விழக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாளைக்கு, அல்லது மறுநாள், பூனை சோறு தின்னாமல் ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தவள் மண்டி மொஹல்லாவில் பூக்கட்டிக்கொண்டிருப்பாள்.

உமாதேவியைத் தேடிச் சமையலறைக்குப் போனாள். அவர் வளையல் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்தார். கத்தவில்லை. கதவைச் சாத்தினார்.

"அவகிட்ட சொல்லாதே தாரணி. அழுதான்னா இன்னிக்கு நிக்க மாட்டா. நாமளே புடிச்சுக் கொண்டுபோயிடலாம்."

இருவரும் மாடிக்குப் போனார்கள். பூனை கட்டிலுக்கு அடியில், சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தது. உமாதேவி கையை விட்டார், சீறியது. தாரணி பாலைக் காட்டினாள், கிட்டே வரவில்லை. ஊரெல்லாம் வந்து இறங்கியிருக்கும் நாளில் அது யாருக்கு வரும்? வளர்த்தவள் கூப்பிட்டால்தான் வரும். வளர்த்தவள் அடுத்த அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

உமாதேவி வழி சொன்னார். சத்தத்துக்குப் பூனை பயந்து போயிருக்கிறது, கூடையில் போட்டுப் பக்கத்து வீட்டில் வைக்கலாம் என்று சொல்ல வேண்டியது. ஸ்வாதியே பிடித்துக் கொடுத்துவிடுவாள். தாரணி தலையாட்டினாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு வழியும் தெரியவில்லை.

ஸ்வாதி பச்சைப் பட்டோடு, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து நாக்கால் டொக் டொக் என்று சத்தம் செய்து, வாடா என்று கன்னடத்தில் கூப்பிட்டாள். "பாரோ கெம்பா, பா." பூனை வந்து அவள் பாதத்தில் முகத்தைத் தேய்த்தது. தூக்கி மடியில் வைத்தவள் அதன் மோவாயைப் பார்த்தாள். வெள்ளை முடியில், ஈரத்தோடு, ஆரஞ்சாக ஏதோ அப்பியிருந்தது.

"இது என்ன?"

"மஞ்சள்தான்டா. இன்னிக்கு எல்லார் கையிலயும் மஞ்சள்தானே," என்றார் உமாதேவி.

நம்பக்கூடிய பதில்தான். வாசல்படி, தாம்பாளம், வந்திருந்த பெண்களின் கன்னம், எங்கே பார்த்தாலும் மஞ்சளாகத்தான் இருந்தது. ஸ்வாதிகூட "ஓ" என்று சொல்லிக் கட்டை விரலால் துடைக்கப் போனாள். பூனை அதற்குள் நாக்கை நீட்டி மோவாயை நக்கப் பார்த்தது.

"மஞ்சளில்லைங்க அக்கா," என்றாள் தாரணி. "நக்க விடாதீங்க. லில்லித் தூளு. காலைல லில்லி நின்ன தண்ணியில உங்க ரோஜாவ வெச்சுட்டேன். அதக் குடிச்சிருச்சு. நாந்தான் வெச்சேன்."

ஸ்வாதி அழவில்லை. பூனையின் தலையை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஈரத் துணி கேட்டாள். முடி முடியாகத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டாள். இப்போதுதான், மேடைக்கு ரோஜா வளையம் வைத்து முடித்த நேரம் என்று தாரணி சொன்னாள்.

"தண்ணிகூட ஆகாதுன்னு சொன்னேன் அல்வா, சொன்னேன்தானே?"

"சொன்னீங்க."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாரணிக்குத் தாங்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நின்றிருப்பாள்.

ஸ்வாதி பூனையைக் கூடையில் விட்டுப் பூட்டித் தானே தூக்கிக்கொண்டு எழுந்தாள். நான் போகிறேன் என்றாள். உமாதேவி குறுக்கே நின்றார். வாசலில் பழனாத்தாளும் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"கட்டுன சேலையோட ஆசுபத்திரிப் படிய மிதிக்கறதா? வேண்டாங் கண்ணு. நல்ல நேரமும் போயிரும்," என்றார் பழனாத்தாள். அவர் குரலில் கோபமில்லை. இடம் கொடுக்கிற குரலும் இல்லை.

ஸ்வாதி மாமியாரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு கூடையைத் தாரணியிடம் நீட்டினாள்.

"நான் இங்க உக்கார்றேன். நீங்க இவன் பக்கத்துல உக்காருங்க. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

*

சந்துருதான் வண்டியை ஓட்டினான். பின்னால் காலி பக்கெட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு முட்டலுக்கும் மடியிலிருந்த கூடைக்குள் பூனை உடம்பைக் குறுக்கியது. மிருக வைத்தியர் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, "மேடைல மிச்சத்த நான் பாத்துக்கறேன். சரமும் நானே கட்டிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். பூவில் அவன் கை வைக்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர் பசவராஜ் இளவயதுக்காரர். கன்னடத்தில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எந்த லில்லி, எவ்வளவு குடித்தது, எப்போது குடித்தது, வாந்தி எடுத்ததா. தாரணி ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். பூ வேலை செய்கிறவளா என்று அவர் கேட்டபோதுதான் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஊசியை எடுக்கப் போய்விட்டார்.

வாந்தி எடுக்க வைத்தார்கள். மோவாயை மறுபடி கழுவினார்கள். முன்னங்காலில் முடியைச் சிரைத்து டிரிப் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்து, இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், அதை நம்பக் கூடாது, நாளையும் மறுநாளும்தான் தெரியும் என்றார் டாக்டர். சீக்கிரம் கொண்டுவந்தது நல்லது என்றும் சொன்னார். மூத்திரம் போவது நின்றுவிடாமல் இருக்க வேண்டும், அதுதான் கவனிக்க வேண்டியது என்றார்.

தாரணி இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை அவளைப் பார்க்கவில்லை. ஃபோன் அடித்தது. எடுத்தால் பின்னால் நாதஸ்வர சி.டி. சத்தம், பெண்களின் பேச்சு, கண்ணாடி வளையல்களின் சலசலப்பு. நடுவே ஸ்வாதியின் குரல், உதட்டை அசைக்காமல் பேசுகிற மாதிரி வந்தது.

"எப்படி இருக்கான்?"

"தூங்கறானுங்க அக்கா. டிரிப்பு ஏறுது."

"மூச்சு விடறானா பாருங்க."

தாரணி எழாமலே குனிந்து பார்த்தாள். வயிறு ஏறி இறங்கியது. விடறான் என்றாள். ஃபோன் வைக்கப்பட்டது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மறுபடி அடித்தது. அன்று அப்படிப் பல முறை அடித்தது. ஒவ்வொரு முறையும் வளையல் சத்தம் முன்னைவிடக் கனமாகக் கேட்டது. அந்தப் பெண் நலங்கு வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு, இதையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை நினைத்துத் தாரணி ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். இது பிழைக்காமல் போனால், இனி அவள் தன் வளைகாப்பு நாளை நினைக்கும்போதெல்லாம் இதுவும் நினைவுக்கு வரும். ஃபோட்டோவைப் பார்த்தாலும் முதலில் தெரியப் போவது மேடையிலிருக்கும் ரோஜா.

பிற்பகலில் ஸ்வாதி கணவனோடு வந்தாள். சேலையை மாற்றிவிட்டிருந்தாள், வளையல்களைக் கழற்றவில்லை. முழங்கை வரை பச்சையும் சிவப்பும். தாரணி எழுந்து ஸ்டூலை விட்டாள். ஸ்வாதி உட்கார்ந்து, பூனையின் காதுக்குப் பின்னால் ஒரு விரலை வைத்தாள். தாரணியிடம் எதுவும் பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தாரணி சுவரோரமாக நின்றுகொண்டாள்.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போகுமுன் தாரணி கிளினிக்குக்குத்தான் போனாள். சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் பார்க்கிற அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, இது ஏறினால் இறங்கவும் இறங்கும், பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போமை எந்தப் பக்கம் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் நாள் முழுக்கத் தவித்தாள். சம்பங்கி கட்டும்போது முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்தது. சந்துரு பக்கெட்டுகளை வெளியே எடுத்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நேற்று வந்த தண்ணீரில் பாதி அதற்கே போயிற்று. "பூனை என்னாச்சு?" என்று அவன் தலை நிமிராமல் கேட்டான். ஏறியிருக்கிறதாம் என்றாள். அவன் தேய்த்த பக்கெட்டையே மறுபடி எடுத்துத் தேய்த்தான்.

மூன்றாம் நாள் போனபோது ஸ்வாதி முன்னமே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. இரவு முழுக்கத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அளவு இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தாரணி கும்பிடக் கையைத் தூக்கினாள். அவர் தடுத்தார். விடிந்ததிலிருந்து இன்னும் மூத்திரம் போகவில்லை. அதைக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்.

மணல் தட்டில் விட்டுப் பார்த்தார்கள். பூனை அதில் இறங்கி நின்று, முகர்ந்து, வெளியே வந்தது. கூண்டுக்குள் போகச் சொன்னால் கத்தியது. ஸ்வாதி மடியில் வைத்துக்கொள்ளக் கை நீட்டினாள். வயிறு இடம் கொடுக்கவில்லை. வளையல்கள் வேறு குலுங்கி அதை மிரட்டின.

"நீங்க வெச்சுக்கறீங்களா?" என்று கேட்டாள். கிளினிக்குக்கு வந்ததிலிருந்து தாரணியிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

தாரணி ஸ்டூலில் உட்கார்ந்து மடியைப் பரப்பினாள். கெம்பன் வந்து, ஒரு சுற்று சுற்றி, டிரிப் போட்ட காலை நீட்டிப் படுத்தது. அதன் எடை அவள் தொடையில் இறங்கியது. அவள் அசையவில்லை. மார்க்கெட்டில் லிங்கம்மா மல்லிகையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சந்துரு இரண்டு முறை அழைத்தான். ஃபோனை எடுக்கக் கையை நகர்த்தினால் பூனை எழுந்துவிடுமோ என்று விட்டுவிட்டாள். ஸ்வாதி பூனையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாரணி ஸ்வாதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள், கொண்டுபோனார்கள். கால் மரத்துப்போயிற்று.

பூனை எழுந்தது. மடியிலேயே நின்று, பின்னங்காலைக் கொஞ்சம் அகட்டியது. வெதுவெதுப்பாகச் சேலையில் ஏதோ பரவியது. முதலில் தாரணிக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவள் உடம்பு தன்னையறியாமல் ஸ்டூலிலிருந்து எழப் பார்த்தது.

ஸ்வாதி வளையல் கையால் அவள் தோளை அழுத்திப் பிடித்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"எந்திரிக்காதீங்க தாரணிக்கா. முடிக்கட்டும்."